இவ்வாண்டின் சிறந்த முதுகு

இராஜம்மா பத்தொன்பது வருஷமாக ஈரத் துணி தூக்குகிறவள். பெட்டாலிங் ஜெயாவில், ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே ராட்சத இயந்திரம் துவைத்துப் பிழிந்த விரிப்புகளை மார்பளவு ஆழமான தள்ளுவண்டியில் கொட்டும். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும் அந்தக் குவியலை வாரி எடுத்து, உலர்த்தும் இயந்திரத்தின் வாயில் திணிக்க வேண்டும். மேலே கிடப்பதை எடுப்பது பெரிய காரியமில்லை. அடியில் கிடப்பதற்குத்தான் பாதி உடம்பை வண்டிக்குள் கவிழ்க்க வேண்டும். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு இராஜம்மாவின் இரண்டு கால்கள் மட்டும்தான் தெரியும்.

ஒரே வருஷத்தில் அந்தப் பிரிவில் இரண்டு பெண்களுக்கு முதுகுத் தட்டு விலகியது. இராஜம்மாவும் கூட வேலை செய்யும் கேத்தரினும் சேர்ந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டார்கள். அடியில் ஸ்பிரிங் வைத்த தள்ளுவண்டி என்று ஒன்று இருக்கிறது, துணி குறையக் குறைய அடித்தட்டு தானாக மேலே வரும், குனியவே வேண்டாம், அதில் நாலு வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று எழுதியிருந்தார்கள். கேத்தரின் அதைக் கைப்பேசி வீடியோவில் பார்த்திருந்தாள்.

நிர்வாகம் அந்தக் காகிதத்தை அலட்சியம் செய்யவில்லை. உடனே ஒரு குழு அமைத்தது. குழு நாலு மாதம் கூடிப் பேசியது. தேநீரும் கறிபாப்பும் உள்ளே போவதையும் வெறும் தட்டுகள் வெளியே வருவதையும் எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் எண்பது பக்க அறிக்கை வந்தது. அதில் முதுகைப் பற்றி எல்லாம் இருந்தது. தள்ளுவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நூற்றுப்பத்துத் தொழிலாளர்களையும் முற்றத்தில் நிறுத்தி வைத்து, பாதுகாப்பு மற்றும் அசைவு ஒழுங்கு மேலாளர் ஜோனத்தன் பேசினார். முப்பத்தைந்து வயதுக்காரர். நல்லவர். எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார்.

"முதுகு வலிக்குதுன்னு சொன்னீங்க. கம்பெனி கேட்டுச்சு. இவ்வளவு நாளா ஒருத்தருக்கு முதுகு வலிக்குதா இல்லையான்னு தெரிஞ்சிக்க அவங்க வார்த்தையத்தான் நம்ப வேண்டியிருந்துச்சு. எவ்வளவு கஷ்டம் பாருங்க! இனிமே அந்தக் கஷ்டம் கம்பெனிக்கு இல்ல."

இப்படிச் சொல்லி ஒரு சின்னக் கருவியை உயர்த்திக் காட்டினார். தீப்பெட்டி அளவுதான். கறுப்பு வாரில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெயர் 'தெகாக்'. நிமிர்ந்து நில் என்று அர்த்தம். உடம்பு அறுபது டிகிரிக்கு மேல் குனிந்தால் அது அதிரும். கணக்கில் ஒரு சிவப்பு விழும். ஒழுங்காக முழங்காலை மடக்கித் தூக்கினால் 'டிங்' என்று மணியடித்து நட்சத்திரம் கொடுக்கும்.

கேத்தரின் கையைத் தூக்கினாள். "பாஸ், நாங்க கேட்டது வண்டி."

"வண்டியில ஒரு பிரச்சனையும் இல்ல சிஸ்டர். பத்து வருஷமா ஓடுது, ஒரு நாள் முதுகு வலின்னு எம்.சி. லீவு எடுத்திருக்கா? தப்பா குனியுறது மனுஷந்தான். அப்ப திருத்த வேண்டியது யார?"

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்குக் குனிய வேண்டியதில்லை.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்துக்குள் இராஜம்மாவுக்கு நூற்று நாற்பது சிவப்பு. வண்டிக்குள் கவிழும்போதெல்லாம் இடுப்பில் கொட்டியதால் பெண்கள் அதற்குத் தேள் என்று பெயர் வைத்தார்கள். மேற்பார்வையாளர் உஷாராணி ஓடி வந்தாள்.

"அக்கா, என்னக்கா இது? உங்களால நம்ம பிரிவே சிவப்பா இருக்கு. குனியாம எடுங்க லா."

"எடுக்குறேன் உஷா. துணிய கொஞ்சம் மேல ஏறி வரச் சொல்லு."

உஷாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிவின் சிவப்பெல்லாம் கடைசியில் அவள் தலையில்தான் விழும். சரி, வண்டியைச் சாய்த்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எடுத்துப் பார்த்தாள் இராஜம்மா. சிவப்பு விழவில்லை. ஆனால் மாலையில் அறிக்கை வந்தது: 'இராஜம்மா, வேலை நேரத்தில் உட்கார்ந்திருந்தது, ஐம்பத்தொரு நிமிடம்.'

ஒரு மாதத்தில் தொழிற்சாலையே மாறிவிட்டது. கேண்டீனில் கரண்டி கீழே விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடந்தது, எடுப்பவருக்குச் சிவப்பு. வாசலில் இருந்த பிள்ளையாருக்குக் குனிந்து கும்பிடுகிறவர்கள் நின்றபடியே ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்கள். தும்மினால்கூட அதிர்ந்தது. கேண்டீன் தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் பெயர்கள் ஓடின. மேலே பச்சை, கீழே சிவப்பு. பச்சையில் முதல் பெயர் எப்போதும் ஜோனத்தன். நாற்காலியில் உட்கார்ந்து கணினி பார்ப்பவருக்குச் சிவப்பு எங்கிருந்து வரும்?

கடைசிப் பெயர் இராஜம்மா. கடைசிப் பத்துப் பேருக்கும் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் முதுகு மறுபயிற்சி. பயிற்சியாளர் ஒரு வெறும் அட்டைப்பெட்டியை மேசையிலிருந்து எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்துக் காட்டினார்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு மூலையப் புடிங்க. நெஞ்சோட அணைச்சுக்குங்க."

"ஈரத் துணிக்கு மூலையே இல்லையே சார்," என்றாள் இராஜம்மா. "அதோட அது வண்டிக்கு அடியில இருக்கும்."

"இருக்கிற மாதிரி நெனச்சிக்குங்க ஆன்டி."

அவள் நினைத்துக்கொண்டாள். வேறு வழியில்லை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அங்கே வருஷா வருஷம்தான் ஒப்பந்தம். சிவப்பிலேயே கிடப்பவர்களுக்கு அடுத்த வருஷம் இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். கிள்ளானில் அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியில் அவள் புருஷன் தம்புசாமி படுத்திருந்தான். இருபது வருஷம் லோரி ஓட்டியவன். இனிப்புநீர் வியாதி அவன் இடது காலை முழங்காலோடு எடுத்துக்கொண்டது. காலையில் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறையில் உட்காரவைத்து, திரும்பத் தூக்கிக் கொண்டுவந்து கிடத்திவிட்டுத்தான் அவள் வேலை வண்டியைப் பிடிப்பாள். அந்த வேலை போனால் அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு போக்கு இல்லை.

மூன்றாவது மாதம் இன்னொரு அறிவிப்பு வந்தது. முதுகு இருபத்துநாலு மணி நேரமும் முதுகுதான். ஆகவே தேளை வீட்டிலும் கட்டிக்கொள்ள வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். "உங்க மேல உள்ள அக்கறைதான்," என்றார் ஜோனத்தன். இராஜம்மா கட்டிக்கொண்டு போனாள்.

ஐந்தாவது மாதம் அவள் தேளின் மனசைப் படித்துவிட்டாள். முதுகைக் கம்பு மாதிரி வைத்து, முழங்காலை மடக்கி, கையை மட்டும் வண்டிக்குள் நீட்டித் துணியின் நுனியைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தால் சிவப்பு விழாது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். அதைத் தேள் கேட்பதில்லை. பெயர் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு புதன்கிழமை காலை, தண்ணீர் சொட்டிய தரையில் காலை ஊன்றி, சொல்லிக் கொடுத்தபடி நெட்டுக்குத்தாக நின்று ஒரு முறுக்கை இழுத்தாள். வண்டி சக்கரம் உருண்டு விலகியது. நாற்பது கிலோ ஈரத் துணி கையில் தொங்க, இடுப்புக்கு மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கமாக உடம்பு திருகியது. உள்ளே துணி கிழிவது போல ஏதோ கிழிந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

தேளுக்கு முன்பக்கமாகக் குனிவதுதான் தெரியும். திருகுவது தெரியாது. அது 'டிங்' என்று மணியடித்து நட்சத்திரம் கொடுத்தது.

கேத்தரின்தான் அவளை வாரிப் பிடித்துத் தரையில் கிடத்தினாள். தொழிற்சாலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்ற பலகை இருந்தது. அன்று அதில் முந்நூற்று நாற்பத்திரண்டு. முந்நூற்று அறுபத்தைந்து வந்தால் விருது. மறுநாள் காலை கேத்தரின் பார்த்தபோது பலகை முந்நூற்று நாற்பத்துமூன்றைக் காட்டியது.

பத்து நாள் கழித்து விசாரணை. ஜோனத்தன், மனிதவள அதிகாரி ஏமி, மடிக்கணினியோடு தரவு அதிகாரி கிஷன் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இராஜம்மாவால் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன மணிக்கு அடிபட்டுச்சுன்னு சொல்றீங்க?" என்று கேட்டான் கிஷன்.

"பதினோரு மணி இருக்கும் தம்பி."

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். "பத்து ஐம்பத்தெட்டு. பாருங்க ஆன்டி, அந்த நிமிஷம் உங்களுக்கு ஸ்டார் விழுந்திருக்கு. ஸ்டார் விழுற மாதிரி தூக்குனா அடிபடாது. அடிபட்டிருந்தா ஸ்டார் விழுந்திருக்காது."

"ஆனா வலிக்குதே தம்பி."

"அது உங்க கருத்து," என்றாள் ஏமி, மரியாதையாகத்தான்.

இராஜம்மா பெரிய உறையிலிருந்து மருத்துவமனைப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கீழ் முதுகில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது அதில் தெரிந்தது. டாக்டர் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். மூன்று பேரும் படத்தைப் பார்க்கவில்லை. கிஷன் தன் திரையைத்தான் பார்த்தான்.

"இந்தப் படம் எடுக்கும்போது நீங்க தெகாக்கைக் கழட்டியிருக்கீங்க. நாற்பது நிமிஷம்."

"உலோகம் இருக்கக்கூடாதுன்னு அவங்கதான் கழட்டச் சொன்னாங்க."

ஜோனத்தன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அதான் ஆன்டி பிரச்சனை. அந்த நாற்பது நிமிஷம் உங்க முதுகு என்ன நிலைமையில இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாதே. ரெக்கார்ட் இல்லாத முதுகோட படத்தை வச்சிக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

பிறகு கிஷன் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். தினமும் ஒரே மாதிரி சிவப்புக் கோடுகள் எழுந்து நின்றன. "இது உங்க வீடு. காலையில அஞ்சு நாற்பது, எண்பத்துநாலு டிகிரி, பாரத்தோட. மறுபடி ஆறு பத்து. சாயங்காலமும் ரெண்டு தடவ. என்ன தூக்குறீங்க?"

இராஜம்மா அந்தக் கோடுகளைப் பார்த்தாள்.

"அது... என் வீட்டுக்காரர்."

ஏமி எழுதிக்கொண்டாள். கிஷன் படிவத்தில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டான். "எடை?"

"நிறுத்துப் பாத்ததில்ல."

"கைப்பிடி இருக்கா?"

"யாருக்கு?"

"பாரத்துக்கு."

'கைப்பிடி இல்லை' என்று அவனே குறித்துக்கொண்டான்.

ஜோனத்தன் எழுந்து வந்து அவள் அருகில் நின்று, மிகவும் கனிவாகச் சொன்னார். "ஆன்டி, கம்பெனி உங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பான பாரம் குடுக்குது பாருங்க. நட்சத்திரமா விழுது. வீட்டுலதான் அனுமதியில்லாத பாரம். அடி அங்கதான் பட்டிருக்கு. இதுக்கு நீங்க ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்."

"மாட்டேன் பாஸ்," என்றாள் இராஜம்மா. "எனக்கு இங்கதான் அடிபட்டுச்சு. கேத்தரின் பாத்தா. என் புருஷன் மேல நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

"பரவாயில்ல ஆன்டி, கட்டாயம் இல்ல," என்றார் அவர். "உங்க முதுகே கையெழுத்துப் போட்டாச்சு."

விசாரணையைப் பற்றி அவள் வீட்டில் எதுவும் சொல்லாமல், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு புருஷனைத் தூக்கிவந்தாள். மூன்றாம் நாள் தபாலில் கடிதம் வந்தது. அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் தம்புசாமி அதைப் பிரித்துப் படித்துவிட்டான். 'காயத்தின் காரணம்: வீட்டிலுள்ள பாரம், அதாவது கணவர்.' அன்று சோறு வேண்டாம் என்றான்.

மறுநாள் விடியும்போது அவள் விழித்துப் பார்த்தால் கட்டில் காலி. அலறிக்கொண்டு எழுந்தாள். தம்புசாமி கைகளைத் தரையில் ஊன்றி உடம்பை இழுத்து இழுத்துச் சமையலறைவரை போயிருந்தான். குளியலறைப் படியைத் தாண்ட முடியவில்லை. கைலி நனைந்து, முழங்கை தோலுரிந்து, கவிழ்ந்து கிடந்தான்.

"கிட்ட வராத," என்றான். "தூக்காத ராஜம்மா. சிவப்பு விழும்."

"விழட்டும். என்னங்க இது, என்னக் கூப்பிடக்கூடாதா?"

"கூப்பிட்டா தூக்குவ." அவன் முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டான். "இருபது வருஷம் பாரம் ஏத்துனேன். இப்ப நானே பாரம்னு எழுத்துல வந்திருச்சு."

அவள் குனியப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே மின்னல் வெட்டியது போல வலி இறங்கியது, கண் இருட்டியது. அவனைத் தூக்கவும் முடியவில்லை, பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டே இறங்கி, அந்த ஈரத் தரையில் அவனுக்குப் பக்கத்திலேயே நீட்டிப் படுத்துவிட்டாள். முகமும் முகமும் பார்க்கக் கிடந்தார்கள். கையை நீட்டி அவன் கன்னத்தைத் துடைத்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிற கேத்தரின் வேலைக்குக் கூப்பிட வரும்வரை ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தார்கள்.

அந்த ஒரு மணி நேரமும் கருவியில் பச்சையாகப் பதிவாகியிருந்தது. 'படுத்திருத்தல், பாதுகாப்பான நிலை.'

அன்றிலிருந்து கேத்தரினும் அவள் தம்பி சிரிலும்தான் காலையில் வந்து தம்புசாமியைத் தூக்கினார்கள். மருத்துவ விடுப்பு முடிந்து இராஜம்மா வேலைக்குப் போனாள். விபத்தே நடக்காததால் அவள் நோயாளி இல்லை. ஆனால் துணி தூக்கவும் முடியாது. ஆகவே உயரமான மேசை ஒன்றின் முன்னால் நிறுத்தி, சாப்பாட்டுக் கைக்குட்டைகளை மடிக்கச் சொன்னார்கள். காலையிலிருந்து மாலைவரை நின்றாள். குனியவில்லை, திரும்பவில்லை, தும்மல் வந்தால்கூட மேசையைப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டாள். தும்மினால் உயிர் போய்விடும் போலிருந்தது.

மூன்று வாரத்தில் அவள் பெயர் தொலைக்காட்சியின் உச்சிக்கு வந்துவிட்டது. ஜோனத்தனையும் தாண்டி, நூற்றுக்கு நூறு. அந்தக் கருவி விற்ற கம்பெனியே ஆச்சரியப்பட்டுக் கடிதம் எழுதியது. எந்த நாட்டிலும் எந்தத் தொழிலாளியும் இந்த மதிப்பெண்ணைத் தொட்டதில்லையாம்.

விருது விழா பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. விபத்தில்லாத ஓராண்டு என்று மேடை முழுக்கப் பலூன். டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒருவர் தலைமை விருந்தினர். பெரிய திரையில் அத்தனை பேர் பெயரும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. விழாவிலும் எல்லாரும் தேளோடுதான் வந்திருந்தார்கள். 'இவ்வாண்டின் சிறந்த முதுகு' என்று இராஜம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு நாலு படி. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினாள். அவள் நிமிர்ந்து, மெதுவாக, ராணி மாதிரி நடந்து வருவதைப் பார்த்து மண்டபம் எழுந்து நின்றது. டத்தோ பதக்கம் போட வந்தபோது தலையைத் தாழ்த்த முடியவில்லை. அவரே நுனிக்காலில் எக்கிப் போட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஏமி ஒரு துண்டுச் சீட்டை அவள் கையில் வைத்து ஒலிவாங்கியை நீட்டினாள். 'தெகாக் என் வாழ்க்கையை மாற்றியது' என்று எழுதியிருந்தது. இராஜம்மா சீட்டைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். சீட்டைக் கீழே விட்டாள்.

"என்னால குனிய முடியாது," என்றாள்.

பலத்த கைதட்டல்.

அவள் திகைத்துப்போனாள். புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னாள். "உண்மையாதான் சொல்றேன். கீழ விழுந்தத எடுக்க முடியாது. செருப்பு மாட்ட முடியாது."

கைதட்டல் கூடியது. யாரோ விசிலடித்தார்கள்.

"என் வீட்டுக்காரர என்னால தூக்க முடியலங்க! அவரு தரையில கெடந்தாரு, நான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்!"

முன்வரிசையில் இருந்தவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று டத்தோ பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஜோனத்தன் உணர்ச்சிவசப்பட்டு ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"இதுதான் மாற்றம்! ஆறு மாசத்துக்கு முன்னாடி இவங்க பெயர் கடைசியில இருந்துச்சு. இன்னைக்குக் குனியவே முடியாத நிலைமைக்கு வந்திருக்காங்க. இவங்க ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிறோம். செராஸ் கிளை, ஜெஞ்சாரோம் கிளை எல்லாத்துக்கும் கூட்டிட்டுப் போய் நிறுத்திக் காட்டுவோம். ஆனா ஒருத்தரோட நாம திருப்திப்படக்கூடாது. அடுத்த வருஷத்துக்குள்ள மத்த நூத்து ஒம்பது பேரையும் இதே நிலைமைக்குக் கொண்டு வரணும். கொண்டு வருவோம்!"

பின் மேசைகளில் சலவைப் பிரிவுப் பெண்கள் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்கள் கை தட்டவில்லை.

இறங்கும்போது இரண்டாவது படியில் இராஜம்மாவின் செருப்பு கழன்று கீழே விழுந்தது. ஒற்றைச் செருப்போடு கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். செருப்பு ஒரு முழம் கீழேதான் கிடந்தது. பக்கத்தில் நின்ற உஷாராணி அதைப் பார்த்தாள், திரையையும் பார்த்தாள், நகரவில்லை.

கேத்தரின் பின் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். படிக்கட்டின் முன்னால் முதுகை நன்றாக வளைத்து, தலை தரையைத் தொடுகிற மாதிரிக் குனிந்து, செருப்பை எடுத்தாள். அவள் இடுப்பில் தேள் அதிர்ந்தது. பெரிய திரையில், அத்தனை பச்சைக்கும் நடுவே, அவள் பெயர் சிவப்பாகப் பளிச்சிட்டது. மேடையிலிருந்த ஜோனத்தன் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கையை ஆட்டினார்.

"கால நீட்டுங்கக்கா," என்றாள் கேத்தரின்.

இராஜம்மா நீட்டினாள். கேத்தரின் செருப்பை மாட்டி, வாரை இழுத்துவிட்டாள். இடுப்பில் அது விடாமல் அதிர்ந்துகொண்டேயிருந்தது. அவள் நிமிரவில்லை. மற்றக் காலையும் தொட்டுப் பார்த்து, அந்த வாரும் தளர்ந்திருக்கிறது என்று கண்டு, அதையும் அவிழ்த்து, நிதானமாக, மறுபடியும் மாட்ட ஆரம்பித்தாள்.